மூன்று சரிவுக்குக் கேட்கிற வாய்

எங்கள் அத்தையைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. எல்லோரையும் கூப்பிடுகிறவள் அவள்தான். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டைச் சேர்ந்த எங்கள் ஊர், ஓர் ஓடையைச் சுற்றி மூன்று சரிவில் சிதறிக் கிடந்தது. இந்தச் சரிவில் எங்கள் வீடு, எதிர்ச் சரிவில் அத்தை வீடு. இறங்கி ஏற அரை நாழிகை ஆகும். அத்தை இறங்கவும் மாட்டாள், ஏறவும் மாட்டாள். தன் வாசலில் நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றி வாயைத் திறப்பாள். காட்டில் மேய்கிற மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் சீக்கிரமே போய்விட்டான், பிள்ளை இல்லை. நான்கு ஆடுகளும் கொஞ்சம் சாமைக் காடும்தான் சொத்து. "எங்கக்கா பொறந்தப்ப அழுத அழுகைக்கு, காளப்பநாயக்கன்பட்டியில இடி இடிக்குதுன்னு நெல்ல வாரி உள்ள வெச்சாங்களாமா" என்று அப்பா சொல்வார். அவர் ஊரிலேயே வாய் திறவாத மனுஷர். வீட்டுக்கு உண்டான பேச்சு முழுவதையும் முதலிலேயே பிறந்தவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மா முணுமுணுப்பாள். அத்தையைப் பற்றி எதைச் சொன்னாலும் முணுமுணுத்துத்தான் சொல்ல வேண்டும்.

ரகசியம் என்றால் அவளுக்கு அடுத்த சரிவுக்கு இன்னும் போய்ச் சேராத சேதி, அவ்வளவுதான். நான் பெரியவளான அன்று, அம்மா என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டு அப்பாவைத் தேடிப் போயிருந்தாள். அதற்குள் எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, எதிர்ச் சரிவிலிருந்து கிளம்பியது சத்தம்: "ஏ வடக்குக் காட்டுக்காரங்களே! எந்தம்பி மவ பெரிய மனுசி ஆயிட்டாளாமா! பச்ச ஓலை வெட்டியாங்க!" அப்போது வடக்குக் காட்டில் இருபது ஆண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை ஓலையில் கட்டிய தீட்டுக் குடிசைக்குள் கிடந்த மூன்று நாளும் நான் அவளைச் சபித்த சாபத்துக்கு, ஒன்றாவது பலித்திருந்தால் அவள் வாய் கோணியிருக்க வேண்டும்.

அதே வாய் எங்களைக் காப்பாற்றியதும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து வனக் காவலர் ஒருவர் மாதம் ஒருமுறை மேலே வருவார். காக்கிச் சட்டையைக் கண்டாலே ஊர் வாய் பொத்திக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு கோழி கேட்பார், கொடுப்போம். ஒருமுறை அத்தை வாசலுக்குப் போய், காதோடு காதாக, "ஒரு கோழி இருந்தா..." என்று இழுத்திருக்கிறார் பாவம். அத்தை உடனே இந்தப் பக்கம் திரும்பி, "ஏனுங்க, பாரஸ்டு ஐயாவுக்குக் கோழி வேணுமாமா! சம்பளம் பத்தலையாமா! ஊட்ல பொண்டாட்டி புள்ள பட்டினியாமா! பாவம், ஆளுக்கு ஒரு முட்டையாச்சும் குடுங்க சாமி!" என்று போட்டாளே ஒரு சத்தம். மலை முழுக்க அது எதிரொலித்தது. அந்த மனுஷர் அதற்குப் பிறகு எங்கள் சரிவுப் பக்கம் வரும்போது கோழி என்ற சொல்லையே எடுத்ததில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் என் அப்பா என் தம்பியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தார்.

தம்பி பேர் அரப்புளி. எங்கள் மலையில் சாமி பேரை வைத்துக்கொண்ட அரப்புளிகள் வீட்டுக்கு ஒருவன் இருப்பான். இவனுக்கு அப்போது பதினாறு வயது. எனக்குக் கல்யாணமாகி, அதே ஊரில் நான்கு வீடு தள்ளி வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் சாமை விதைப்பில் அவன் முதல்முறையாக ஏர் பிடிக்க வேண்டியவன். இரண்டு சால் ஓட்டினான், இருமினான், மண்ணில் ரத்தம் விழுந்தது. அதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடியதை நான் பார்த்தேன். பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதற்காக என்னை நானே நொந்துகொள்வேன்.

ஆடி மாதம் அப்பா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலை இறங்கினார். காளப்பநாயக்கன்பட்டி வரை நடை, அங்கிருந்து சேந்தமங்கலத்துக்கு மாட்டு வண்டி, அதற்கப்பால் பஸ். யுத்த காலம், பஸ் கரியில் ஓடியது. அந்தப் புகைக்கே இருமி இருமி அவன் பாதி செத்திருப்பான். பட்டணத்து ஆசுபத்திரியில் டாக்டர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவனை வெளியே உட்காரச் சொல்லி அப்பாவிடம் மட்டும் பேசினாராம். எலும்புருக்கி நோய், நெஞ்சில் இரண்டு பக்கமும் அரித்துவிட்டது, வருகிற பொங்கலைப் பார்ப்பது கஷ்டம்.

அப்பா திரும்பி வந்து அம்மாவிடம் கிசுகிசுத்தார். அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே கிசுகிசுப்பு ஆகிவிட்டது. களி கிண்டும்போதும், மாடு கட்டும்போதும் குசுகுசு. தம்பி திரும்பிப் பார்த்தால் எல்லோரும் சிரிப்போம். அவன் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

நான்காம் நாள் காலையில், வராதவள் வந்தாள். அத்தை ஓடையைத் தாண்டி, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க எங்கள் வாசலில் ஏறி நின்றாள். ஓடைக்கரையில் வைத்து அப்பா அவளிடம் சொல்லி அழுதிருக்கிறார். அக்காவிடம் சொல்லாமல் அவரால் எதையும் வயிற்றில் வைத்திருக்க முடியாது.

"ஏண்டா கண்ணு அரப்புளி! உனக்கு எலும்புருக்கியாமே!"

சத்தியமாக அப்படித்தான் கேட்டாள். எங்கோ கிடக்கிற குண்டனி நாட்டுக்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள். அவள் வீசிய கரண்டி அத்தையின் தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

"நீங்க நல்லாருப்பீங்களா நங்கே!" என்றாள் அம்மா. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். "எம்புள்ளைக்குத் தெரியாம பொத்திப் பொத்தி வெச்சிருக்கறேன். ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களே! இனி உங்ககிட்ட வாய் தொறந்தன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அப்பாடா" என்றான். "ஒருத்தராச்சும் வாய உட்டுச் சொன்னீங்களே அத்தே. இவிங்க குசுகுசுன்னு பேசறதக் கேட்டுக் கேட்டு, நான் ஏற்கெனவே செத்துப்போயிட்டனோன்னு சந்தேகமே வந்துருச்சு."

"எத்தன நாளுன்னு சொன்னான் அந்த டாக்குட்டரு?"

"என்னயக் கேட்டா? நீங்கதான் சொல்லோணும்."

"பொங்கலு தாண்டாதுன்னானாம். அவன் கெடக்கறான். அவனுக்குச் சாமை எப்ப வெளையும்னு தெரியுமா? வரகு எப்ப வெளையும்னு தெரியுமா? நம்மூரு கணக்கு அவனுக்கு என்ன தெரியும்?"

தம்பி வாசலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். நான் நின்றேன். அப்போதுதான் அவன் அதைக் கேட்டான். "ஆளாவாமயே போயிருவனா அத்தே?"

அவன் கேட்டது இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது, சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பொதுவாக ஒரு சாமிக்காடு உண்டு. ஊரே சேர்ந்து விதைத்து ஊரே அறுக்கும். அறுப்பு முடிந்து களத்தில் ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு ஆண்பிள்ளையின் பேரையும் மூன்று முறை சொல்வார். பேருக்கு உரியவன் எழுந்து "இருக்கறேன்" என்று சொன்னால், அவன் துண்டில் ஒரு வள்ளம் சாமை விழும். அதுதான் ஆள் பங்கு. ஒரு பருவம் முழுக்க ஏர் பிடித்தவனோ காவல் காத்தவனோதான் அந்தக் கணக்கில் வருவான். ஒருமுறை பங்கு வாங்கிவிட்டால் அவன் ஆள். கூட்டத்தில் பேசலாம். செத்தால் கொட்டும் கொம்பும் வைத்து ஊரே தூக்கிப் போகும். பங்கு வாங்காதவன் எத்தனை உயரம் வளர்ந்திருந்தாலும் குழந்தைதான். குழந்தைகளை எங்கள் ஊரில் ஓடையோரம் கொட்டு இல்லாமல் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார்கள். சாவதைப் பற்றி என் தம்பி பயந்ததாக எனக்கு நினைவில்லை. ஓடையோரம் போய்விடுவோமோ என்றுதான் பயந்தான்.

அத்தை எழுந்து, கரண்டி பட்ட தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவள் வாயால் வினை வந்தது. சேதி பரவியதும் ஊர்க்கூட்டம் கூடியது. எலும்புருக்கி கண்டவனை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாது, எல்லைக்கு வெளியே காட்டுக் குடிசையில்தான் இருக்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஊர்க்கவுண்டர் கெட்டவர் இல்லை. முன்பு தன் சொந்தத் தம்பியையே அப்படி அனுப்பியவர். அப்பா கூட்டத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் அம்மா, "அந்த வாய்ல புத்து வைக்க" என்று எதிர்ச் சரிவைப் பார்த்துக் கையை நெரித்தாள்.

பெண்கள் கூட்டத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. அத்தை வைக்கவில்லை. எதிர்ச் சரிவில், தன் வாசலில், இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

"ஏனுங்க கவுண்டரே! காது கேக்குதுங்களா?"

ஊர்க்கவுண்டர் எழுந்து நின்று பதிலுக்குக் கத்தினார். "கூட்டத்துல பொம்பள பேசக் கூடாது!"

"நான் கூட்டத்துலயா இருக்கறேன்? எம்பட வாசல்ல நிக்கறேன்! எம்பட ஆட்டுகிட்டப் பேசறேன்! அது உங்க காதுல உழுந்தா நானா பொறுப்பு?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தை நிஜமாகவே பக்கத்தில் நின்ற ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சத்தம் எங்கள் பக்கம்தான் வந்தது.

"ஏ ஆடே! எலும்புருக்கி வந்தவன் ஊருக்குள்ள இருக்கக் கூடாது, சரி! அது ஊர்க்கட்டு, யாரு மீறச் சொன்னா? ஆனா இந்த வருசம் சாமைக் காவலுக்கு யாரு போறா? போன வருசம் போன மவராசன் குறட்டை உட்டுத் தூங்குனான்! கொரங்கு கதிர உருவித் தின்னுபுட்டு, அவந்தலை மேலயே உமியத் துப்புச்சு!"

போன வருஷத்து மவராசன் ஊர்க்கவுண்டரின் மருமகன். அவன் பக்கத்திலிருந்த ஆளுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தக் குடிசைய மேக்காலப் பாறை மேல போடட்டும் ஆடே! அங்க உக்காந்தா மூணு சரிவும் தெரியும்! எந்தம்பி மவன நோயாளின்னு அனுப்பாதீங்க, காவக்காரன்னு அனுப்புங்க! பருவம் முழுக்கக் காக்கட்டும், களத்துல ஆள் பங்கு குடுங்க! என்ன ஆடே, நாஞ் சொல்றது நாயமா இல்லியா?"

அந்தச் சமயம் பார்த்து ஆடு கத்தியது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த கூட்டம் மறுத்துப் பேசுவது கஷ்டம். ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பருவம் முழுக்கக் காவல் காக்கோணும். களத்துல பேரு சொன்னா, அவன் வாயாலயே பதில் வரோணும். வேற வாய் சொன்னா பங்கு கெடையாது." எதிர்ச் சரிவை நோக்கிக் கையை நீட்டினார். "முக்கியமா அந்த வாய்."

ஆவணி முடிவில் தம்பி மேற்குப் பாறைக்குப் போனான். அம்மா அன்று சாப்பிடவில்லை. அவனோ புது மாப்பிள்ளை மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டு போனான். யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைக்காமல் காலியாகக் கிடந்த தகர டின் ஒன்றை அத்தை அவனுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். கிளி வந்தால் ஒரு தட்டு, குரங்கு வந்தால் இரண்டு, பன்றி வந்தால் நிறுத்தாமல் தட்டு. சத்தம் கேட்டால் அந்தந்தச் சரிவுக்காரன் கவணோடு ஓட வேண்டியது. இதை அவளே வகுத்து, ஒரு காலை நேரம் முழுக்க ஊருக்குக் கத்திக் கத்திப் பாடம் சொன்னாள்.

தினமும் விடிந்ததும் முதல் சத்தம் அவளுடையதுதான். "அரப்புளீ! முழிச்சாச்சா சாமீ!" பாறையிலிருந்து டங்கென்று ஒரு தட்டு வரும். "என்னடா, சாப்புட்டியா?" டங். "உங்கொம்மா களி வெந்துச்சா, வேகலையா?" டங் டங். வேகவில்லை என்று அர்த்தம். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அத்தையோடு பேச மாட்டாளே தவிர, அவள் கத்துகிற ஒரு சொல்லையும் விட மாட்டாள். கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. களை வெட்டப் போகிறவன், தண்ணீருக்குப் போகிறவள் என்று எல்லோரும் பாறையைப் பார்த்து ஒரு குரல் கொடுக்காமல் போவதில்லை. நோய்க்குப் பயந்து ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த பையனோடு ஊர் அந்த மூன்று மாதம் பேசியது போல வேறு யாரோடும் பேசியதில்லை.

நான் கூழ் கொண்டு போய்ப் பாறைக்குக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசுவேன். மெலிந்துகொண்டே வந்தான். ஆனால் கண்ணில் ஓர் அதிகாரம் வந்திருந்தது. "மூணு சரிவுலயும் ஒரு கதிரு போவலைக்கா" என்பான். குரங்குக் கூட்டத்தில் பெரிய கடுவனுக்கு ஊர்க்கவுண்டர் என்று பேர் வைத்திருந்தான். "நேத்து கவுண்டரு பெஞ்சாதியோட சண்டை போட்டு மரத்துல இருந்து உழுந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, துண்டில் துப்பி மடித்து வைத்துவிட்டு மறுபடியும் சிரிப்பான்.

ஐப்பசியில் ஒரு காலை, அத்தை கூப்பிட்டாள், தகரம் பேசவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம். களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அம்மா உலக்கையை நடுவில் நிறுத்திவிட்டாள். ஏழாம் தரம் அத்தை கூப்பிட்டபோது அவள் குரலே உடைந்தது. நான் பாறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். டங்! டங்! டங்! மேலே போய்ப் பார்த்தால், மடியில் தகரத்தை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். "எத்தன தரம் கூப்புடுவாங்கன்னு எண்ணிப் பாத்தேன்கா. ஏழு!" எனக்கு வந்த கோபத்துக்கு, நோய் இல்லாதிருந்தால் இரண்டு அறை விட்டிருப்பேன். கீழே இறங்கி வந்து ஊருக்குச் சொன்னேன். அத்தை அவனைத் திட்டிய திட்டு பொழுது சாயும் வரைக்கும் ஓயவில்லை. ஊரே அதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் அவன் குரல் போயிற்று. முதலில் கரகரப்பு, பிறகு வெறும் காற்று. நோய் தொண்டைக்கு இறங்கிவிட்டது. நான் பாறைக்குக் கீழே நின்று அவன் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டேன். தகரம் மட்டும் தவறாமல் ஒலித்தது. களத்தில் பேர் சொல்லும்போது என்ன செய்வான்? அன்றைக்கே எதிர்ச் சரிவுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். மிளகு, தேன், ஆடாதொடை என்று தெரிந்ததெல்லாம் இடித்துக் கொடுத்தனுப்பினாள். ஒன்றுக்கும் குரல் திரும்பவில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலுக்கே போய், "தகரம் தட்டுனா பத்தாதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "ஊரு முன்னால வாயாலன்னு சொல்லிப்போட்டேன். இனி நான் மாத்துனா, நாளைக்கு எவன் என் சொல்லு கேப்பான்?" என்றிருக்கிறார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலம் எதிர்ச் சரிவில் ஒப்பாரி கேட்டது. அத்தைக்கு அடக்கி அழ வராது. அழுகை பாறைக்குக் கேட்கும் என்பது அழ ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று, "ஐயோ, எம்பட ஆடு செத்துப்போச்சே!" என்று சேர்த்துக்கொண்டாள். மறுநாள் நான் கூழ் கொண்டு போனபோது தம்பி என்னைக் கிட்டே வரும்படி சைகை செய்து, காற்றுக் குரலில் சொன்னான்: "அத்தைக்கு நாலு ஆடு. இங்கிருந்து பாத்தா நாலும் மேயுது. நான் சொல்லிருவேன்கா, அழுவ வேண்டான்னு சொல்லு. பேச்ச மிச்சம் புடிச்சு வெக்கறேன்." அன்றிலிருந்து அவன் என்னோடுகூடப் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் தகரம்தான்.

மார்கழியில் களம் கூடியது. மூன்று சரிவிலும் அப்படியொரு விளைச்சலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை என்று கிழவர்களே சொன்னார்கள். அப்பா தம்பியை முதுகில் தூக்கி வந்து, களத்தின் ஓரம் தனியாக இருந்த கல்லில் உட்கார வைத்தார். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். தலைப்பாகை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. உச்சி வெயில். ஒரு பக்கம் மாடுகள் தாள் மிதித்துக்கொண்டிருந்தன, கழுத்து மணிகள் ஓயவில்லை. பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வைக்கோலில் உருண்டு கத்தினார்கள், நாய்கள் குரைத்தன. கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சித் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

ஊர்க்கவுண்டர் பேர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவனும் எழுந்து ஊர் அதிர "இருக்கறேன்!" என்றான், துண்டை விரித்தான். போன வருஷத்துக் காவல்காரன்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினான்.

"அரப்புளி! மேக்காலப் பாறைக் காவக்காரன்!"

தம்பி கல்லைப் பிடித்து எழுந்தான். வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"அரப்புளி!"

மறுபடியும் வாய் அசைந்தது. ஊர்க்கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு, காதை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். கேட்டுவிட வேண்டும் என்று அவரும் தவித்தார் என்பதற்கு நானே சாட்சி. எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வாய் திறந்துவிட்டால் காரியம் கெட்டது. திறக்காமல் இருக்க அவளால் முடியுமா? அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். மாடுகளிடம் போனாள். முன் மாட்டின் கழுத்து மணியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையைத் தூக்கித் தன் வாயின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, களம் முழுக்க ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த வாய் மூடி நாங்கள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் களத்தில் ஒவ்வொருத்தராக வாயை மூடினார்கள். மாட்டுக்காரன் அடுத்த மாட்டின் மணியைப் பொத்தினான். புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை மடியில் சாய்த்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார்கள். கொட்டுக்காரன் தோலின் மேல் உள்ளங்கையைப் படுக்க வைத்தான். யாரோ நாயின் வாயைப் பிடித்தார்கள். தூரத்தில் ஓடை ஓடுவது கேட்டது. அத்தனை பேர் கூடிய இடத்தில் அப்படி ஓர் அமைதி என் ஆயுசில் அதற்குப் பிறகும் இல்லை.

ஊர்க்கவுண்டர் மூன்றாவது தரம் சொன்னார். மெதுவாகச் சொன்னார்.

"அரப்புளி."

"இருக்கறேன்."

காய்ந்த சருகு நகர்ந்தது போல வந்தது. ஆனால் வந்தது. அவன் வாயிலிருந்துதான் வந்தது, முழுசாக வந்தது. களத்தின் மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது.

ஊர்க்கவுண்டர் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் கேட்டுருச்சு. ஊருக்கு?" என்றார்.

"கேட்டுச்சுங்க!" என்று களமே எழுந்து நின்றது.

ஊர்க்கவுண்டர் தானே வள்ளத்தை எடுத்துக் கோபுரமாக அள்ளிக்கொண்டு, யாரையும் அனுப்பாமல் தானே நடந்து போய், நோயையும் பார்க்காமல் ஒதுக்கத்தையும் பார்க்காமல் என் தம்பியின் துண்டில் கொட்டினார். டாக்டர் வைத்த கெடுவான பொங்கலையும் தாண்டி மாசி வரை இருந்தான் என் தம்பி. ஆளாகத்தான் இருந்தான். அந்தச் சாமையை யாருக்கும் தராமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு இருந்தான்.

அன்று களத்தில் அத்தை மட்டும் இன்னும் மாட்டு மணியையும் விடவில்லை, வாய் மேல் வைத்த கையையும் எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் விரல் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வெடித்துவிடுவாள் போல நின்றாள். என் கையை விட்டுவிட்டு அம்மா நேராக அவளிடம் போனாள். ஆடி மாதத்திலிருந்து ஒரு சொல் பேசாதவள், அந்தக் கையைப் பிடித்து வாயிலிருந்து விலக்கினாள்.

"நங்கே" என்றாள், "இப்பக் கத்துங்க."